கப்பல்காரரும் கழுத்தில்லா அன்னமும்

கொல்லிமலையில் கடல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் கப்பல்காரர்தான். அரசாங்கம் உட்பட மற்ற எல்லோரும் இந்த விஷயத்தில் ஒரே கருத்தோடு இருந்தார்கள். அவர் மட்டும் தினமும் காலை ஐந்தரை மணிக்கு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பத்தடித் தூண்டில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எங்கள் வாசலைக் கடந்து போவார்.

"எங்கீங்ணா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "பீச்சுக்குங்க" என்பார்.

பீச் என்பது எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவரின் அணைக்குட்டை. மிளகும் காப்பியும் வைத்திருக்கிற தோட்டக்காரர் அவர். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடையை மறித்து, அவருடைய அப்பா காலத்தில் கட்டிய குட்டை. கெண்டை உண்டு, ஜிலேபி மீன் உண்டு, கொஞ்சம் விரால் உண்டு. அலை கிடையாது.

நான் அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ரத்தக் கொதிப்பு. வாரா வாரம் மக்களைச் சிரிக்கவைப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுதுகிறவனுக்கு ரத்தக் கொதிப்பு என்றால் டாக்டருக்கே சிரிப்பு வருகிறது. "உங்க கட்டுரையெல்லாம் நான் படிக்கறதுண்டு சார். ஒரு ஆறு மாசம் நீங்க எழுதாம இருந்தா ரெண்டு பேருக்குமே நல்லது" என்றார். அப்படித்தான் போன வருஷம் நானும் என் மனைவியும் தேவனூர் நாட்டில் அந்தத் தோட்டக்காரரின் ஓட்டுவீட்டுக்குக் குடிபோனோம். அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அடுத்த வீடு கப்பல்காரருடையது.

அவர் அந்த மலையிலேயே பிறந்தவர். இருபது வயதில் சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனார். நாலே வருஷம்தான் கப்பல். பிறகு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றூர் ஓட்டலில் பதினைந்து வருஷம் அடுப்படி வேலை. ஊரில் அவரை அமெரிக்காக்காரர் என்று யாரும் கூப்பிடவில்லை. அமெரிக்கா போனவர்கள் பக்கத்து ஊரிலும் இருக்கிறார்கள். கப்பல் ஏறியவர் இவர் ஒருவர்தான்.

அந்தச் சிற்றூரில்தான் அவருக்குக் கோட்டுமீன் பைத்தியம் பிடித்திருக்கிறது. வெள்ளி உடம்பில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடு ஓடுகிற பெரிய மீன். விடியற்காலையில் கரையோரம் அலை உடைகிற இடத்துக்கு இரை தேடி வருமாம். அதைப் பிடிக்கப் புழு வேண்டாம், இறால் வேண்டாம். மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, வயிற்றில் மும்முனைக் கொக்கி மாட்டிய பொய்மீன் ஒன்றை நூலில் கட்டி வீச வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதை பிளக் என்கிறார்கள். நாங்கள் மரமீன் என்றோம். அந்த மாதிரி நாற்பது மரமீன்களோடு அவர் ஊர் திரும்பினார். அந்தப் பதினைந்து வருஷத்துச் சம்பாத்தியத்தில் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று செல்லம்மாக்கா சொல்லும். செல்லம்மாக்கா எதிர்வீடு. அதன் கண்ணுக்குத் தெரியாதது என்று அந்தத் தெருவில் எதுவும் கிடையாது.

திரும்பி வந்த அன்று அவர் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறியதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தூண்டில் கழி நடுவில் கழற்றி இரண்டாக்கக் கூடியதுதான். ஆனால் கடல் உப்பில் இறுகி, கழற்ற வரவில்லை. மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கழி ஒரு பக்கத்து ஆட்களை வருடிவிட்டு அடுத்த வளைவில் எதிர்ப்பக்கத்து ஆட்களை வருடியிருக்கிறது. இருபதாவது வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டாராம்.

"ஏனுங்க, அதைய வெளிய நீட்டுனா எதுக்க வர்ற லாரிக்காரன் புடிச்சு இழுப்பான். உள்ள வெச்சா எங்கண்ணு போயிரும். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

"கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டுங்க" என்று இவர் முடிவு சொல்லியிருக்கிறார்.

வீசுவது பெரிய வித்தை இல்லை என்பார் கப்பல்காரர். "கல்லு வீசத் தெரிஞ்சவன் இதையும் வீசுவானுங்க. வீசுனதைத் திருப்பிக் கொண்டாறதுலதான் இருக்குது எல்லாம்." மரமீன் சாதாரணக் கட்டை. அதற்கு உயிர் இருப்பதாக மீனை நம்பவைப்பது, கழியில் நூல் சுற்றியிருக்கிற ரீலைச் சுற்றுகிற கைதான். அதுவும் மரமீனுக்கு மரமீன் வேறு. வாய்க்கு முன்னால் தகரத் தகடு வைத்த ஒன்று இருந்தது. அதை மெதுவாகச் சுற்ற வேண்டும். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். "உங்களுக்கு மெதுவான்னு தோணுதில்லீங்க, அதுல பாதி. அப்பறம் அதுலயும் பாதி." அப்படிச் சுற்றினால் கழி நுனியில் ஒரு துடிப்பு தெரியுமாம், தூங்குகிற குழந்தை காலை உதைத்துக்கொள்கிற மாதிரி. இன்னொன்றுக்கு வாய் குழிந்திருக்கும். அதை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்துத் தண்ணீரைத் தெறிக்கவிட்டு, அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். அந்த ஒன்றும் செய்யாத நேரத்தில்தான் மீன் கடிக்கும். ஒன்றும் செய்யாமல் நிற்பதில் எனக்கு நீண்ட அனுபவம் இருந்ததால் அது மட்டும் சட்டென்று புரிந்தது.

எல்லாவற்றிலும் வில்லங்கம் பிடித்தது பென்சில் மாதிரி ஒல்லியாக இருந்த மரமீன். அதற்குக் கழியின் அடிப்பகுதியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கழியை இடைவிடாமல் உலுக்க வேண்டும். மறு கையால் ரீலைச் சுற்ற வேண்டும். உடம்பு முழுக்க ஆடும். தலை தனியாக ஆடும். முதல் முறை அவர் இதைச் செய்தபோது, மேலே சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"கப்பல்காரருக்குச் சாமி வந்துருச்சு!"

செல்லம்மாக்கா ஒரு கொத்து வேப்பிலையோடு முன்னால் வந்து கை கூப்பியது. "சாமி, எம்புள்ளைக்கு நாலு வருசமா வரன் அமையலீங்க சாமி. ஒரு வாக்குச் சொல்லுங்க."

கப்பல்காரருக்குக் கவனமெல்லாம் தண்ணீரில். பின்னால் யாரோ அவசரப்படுகிறார்கள் என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. உலுக்கலை நிறுத்தாமல், "பொறுங்க... அவசரப்படாதீங்க... தானா வந்து கவ்வும்" என்றார்.

மூன்றாவது வாரம் பைல் நாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு அணைக்குட்டைக் கரையில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையில் சேவல் இருந்தது. அன்றிலிருந்து பென்சில் மீன் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

அலை இல்லாத குறையையும் அவர் சும்மா விடவில்லை. அலை கரைக்கு வரும்போது வேகமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் நூல் தொய்ந்துவிடும்; அலை பின்வாங்கும்போது கையை நிறுத்திவிட வேண்டும், தண்ணீரே மரமீனை ஆட்டிக்கொள்ளும். இதுதான் கடற்கரைப் பாடம். அலைக்கு எங்கே போவது? தோட்டக்காரரின் நாலு எருமைகளைக் காலை ஆறு மணிக்கு எதிர்க்கரையில் தண்ணீருக்குள் இறக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு நாள் இறக்கினார்கள். மூன்றாம் நாள் எருமைகள் இறங்கிய பிறகு ஏற மறுத்துவிட்டன. பத்து மணிக்குத்தான் பால் கறக்க முடிந்தது. அத்தோடு கடல் ஓய்ந்தது.

இவ்வளவுக்கும் அவர் மீன் பிடிக்காதவர் இல்லை. நான் பார்க்க ஒரு நாள், கரையிலிருந்து பத்தடி தூரத்தில், இனி என்ன இருக்கிறது என்று நான் கொட்டாவி விட்ட நேரத்தில், கைநீள விரால் ஒன்று மரமீனைக் கவ்வியது. "கடைசிப் பத்தடியிலதானுங்க பாதி மீன் கடிக்கும். முடிஞ்சுதுன்னு அவசரமாத் தூக்குறவன் கையில ஒண்ணும் நிக்காது" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. ஆறு பேர் கூடிவிட்டோம். செல்லம்மாக்கா மசாலா அரைக்க வீட்டுக்கே ஓடிவிட்டது. கப்பல்காரர் சட்டைப்பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து, மீனின் மூக்கிலிருந்து வால்வரை அளந்தார். தலையை ஆட்டினார். பிறகு அதைத் தண்ணீரில் இறக்கி, வாலைப் பிடித்து முன்னும் பின்னும் இரண்டு ஆட்டு ஆட்டி, விட்டுவிட்டார்.

விரால் போய்விட்டது.

தேவனூர் நாட்டில் ஒரு மனிதர் செய்யக்கூடிய குற்றங்களில் இதைவிடப் பெரியதை நான் கேள்விப்பட்டதில்லை.

"அரைச்ச மசாலாவ என் தலையிலயா பூசிக்கறது?" என்று செல்லம்மாக்கா தெருவில் நின்று கேட்டது. "திங்காத மீனை எதுக்குப் புடிக்கோணும்? திருப்பி விடறதுக்கு அது என்ன நேந்துவிட்ட கெடாயா?"

"அங்கெல்லாம் அளவு பாத்துட்டு விட்டுருவோமுங்க. பழகிருச்சு" என்றார் கப்பல்காரர்.

ஒரு வாரம் தெருவில் யாரும் அவரோடு பேசவில்லை. நானும் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விரால் குழம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த நிலையில்தான் ஐப்பசி மாதம் தோட்டக்காரருக்குச் சுற்றுலா யோசனை வந்தது. யாரோ விற்ற பழைய பெடல் படகுகள் இரண்டை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இரண்டும் அன்னப்பறவை வடிவம். எழுபது வளைவில் ஏதோ ஒரு வளைவில் ஓர் அன்னத்தின் கழுத்து முறிந்து, இறங்கும்போது அந்த இடத்தில் ஒரு முழ இரும்புக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றதற்குக் கழுத்து இருந்தது. அடியில் ஓட்டையும் இருந்தது. ஆகவே கழுத்தில்லாத அன்னமே வெள்ளோட்டத்துக்குத் தேர்வானது. முதல் சவாரிக்கு நான் தேர்வானேன்.

"எழுத்தாளர் கையால... காலால தொடங்கி வெச்சா ராசியா இருக்குமுங்க" என்றார் தோட்டக்காரர்.

"ஏனுங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்களே" என்றாள் என் மனைவி.

"பெடல் மிதிக்க நீச்சல் எதற்கு? சைக்கிள் ஓட்டத் தெரியும்" என்றேன். மனிதன் கடைசியாகப் பேசுகிற பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மிதவை உடுப்பு ஒன்று கொடுத்தார்கள். குழந்தைகளுக்கானது. என் உடம்பில் அதற்குள் நுழைந்தது இடது கை மட்டும்.

மூன்று நாள் மழை பெய்து அன்று காலைதான் வெறித்திருந்தது. குட்டை நிரம்பி, ஒரு மூலையில் கலிங்கு வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கலிங்கு என்பது அதிகத் தண்ணீர் வெளியேறுகிற இடம். அதற்கு அந்தப் பக்கம் பாறை. பாறைக்குக் கீழே மூன்று ஆள் உயரப் பள்ளம். இதையெல்லாம் நான் நடுக்குட்டைக்குப் போன பிறகுதான் கவனித்தேன். கவனித்த அதே நிமிஷம் காலுக்கடியில் சடக் என்று ஒரு சத்தம். பெடல் இரண்டும் சும்மா சுற்ற ஆரம்பித்தன. சங்கிலி தண்ணீருக்குள் போய்விட்டது.

காற்று கலிங்கை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது.

கரையில் இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் யோசனை சொன்னார்கள். "கையால துழாவுங்க!" "குப்புறப் படுத்துக்கங்க!" "எந்திரிச்சு நில்லுங்க, பாரம் கொறையும்!" பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நீச்சல் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. மலையில் நீச்சல் பழக எங்கே போவார்கள்? கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து தோட்டக்காரர் வீசினார். அது எனக்கும் கரைக்கும் நடுவில் பாதித் தூரத்தில் விழுந்து மூழ்கியது. துழாவித் துழாவி என் கை விட்டுப்போனது. தண்ணீர் வழிகிற இரைச்சல் இப்போது நன்றாகக் கேட்டது. என் மனைவி யோசனை எதுவும் சொல்லவில்லை. அவள் கரையோரமாக எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள், "அண்ணா! அண்ணா!" என்று கத்திக்கொண்டு.

அங்கே கப்பல்காரர் வழக்கம்போல வீசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், கலிங்கைப் பார்த்தார், மரக்கிளைகள் ஆடுவதைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியைத் திறந்து மரமீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

"ஏதோ ஒண்ணைப் போடுங்ணா!" என்று அவள் அலறினாள்.

"குறுக்குக் காத்து அம்மிணி. லேசானது போய்ச் சேராது."

இருப்பதிலேயே கனமான ஒன்றைக் கட்டினார். முதல் வீச்சு எனக்குப் பத்தடி முன்னால் விழுந்தது. அதை அவர் நிதானமாகத்தான் திருப்பிச் சுற்றினார். அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. இரண்டாவது வீச்சு என் தலைக்கு மேலே விர்ரென்று போய் அப்பால் விழுந்தது. நூல் அன்னத்தின் மேல் படிந்தது. அவர் இழுக்க, மரமீன் படகின் முதுகில் ஏறி, தட்டுத்தடுமாறி ஊர்ந்து வந்து, கழுத்து முறிந்த கம்பியின் வளைவில் கொக்கியை மாட்டிக்கொண்டது.

"கையை வெச்சுறாதீங்க! மாட்டுனது மாட்டுனபடி இருக்கட்டும்!"

அப்போது ஒரு காற்று வந்தது. படகு கலிங்குப் பக்கம் திரும்பியது. ரீல் கிர்ர்ர் என்று கத்த, நூல் போய்க்கொண்டே இருந்தது.

"இழுங்க! இழுங்க!" என்றது கரை முழுவதும். நானும் சேர்ந்துகொண்டேன். "இழுங்ணா! ஏன் சும்மா நிக்கறீங்க?"

"காத்து இழுக்கறப்ப நாமளும் இழுத்தா நூல் அந்துருமுங்க. போகட்டும். கொஞ்சம் போகட்டும்."

போகட்டும் என்று அவர் சொன்னது என்னை. கலிங்குக்கும் எனக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கிற இடம்தான் இருந்தது. காற்று தணிந்தது. உடனே அவர் கை சக்கரமாகச் சுற்றியது. படகு மெல்ல, மிக மெல்ல, முகத்தைத் திருப்பியது. மறுபடி காற்று, மறுபடி நிறுத்தினார். நூலைக் கொடுத்தார், வாங்கினார், கொடுத்தார். இதற்கிடையில் கலிங்குக்கு எதிர்த்திசையில் கரையோரமாகப் பின்னாலேயே நடந்தார். முள்ளுப் புதருக்குள் முதுகைக் கொடுத்து நடந்தார். ஒரு நேரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ரீலோடு ஏதோ மல்லுக்கட்டினார். பிறகும் அதே கணக்குத்தான்: காற்று வந்தால் விடு, போனால் வாங்கு. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி அரை மணி என்கிறாள். நான் அதில் ஓரிரண்டு வயது கூடிப்போனேன்.

கரை நெருங்கியது. புல் தெரிந்தது. செல்லம்மாக்காவின் மூக்குத்தி தெரிந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எழுந்து நின்றேன், ஒரே தாவாகத் தாவிவிடலாம் என்று. அன்னம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"உக்காருய்யா!"

அந்தத் தெருவில் அவர் யாரையும் "ங்க" இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை. உட்கார்ந்தேன். அவர் இன்னும் மெதுவாகச் சுற்றினார். பாதி வேகம், அதிலும் பாதி. அன்னத்தின் மார்பு சேற்றில் உரசி நின்றபோது நாலு பேர் வந்து என்னைத் தூக்கி வெளியே வைத்தார்கள். கம்பியிலிருந்து கழற்றிய கொக்கியைத் தோட்டக்காரர் எல்லோருக்கும் காட்டினார். மூன்று முள்ளில் இரண்டு ஆணி மாதிரி நிமிர்ந்திருந்தன. மூன்றாவது பாதி நிமிர்ந்திருந்தது.

 செல்லம்மாக்கா என்னைக் காட்டிக் கப்பல்காரரிடம் கேட்டது.

"இதையாச்சும் வெச்சுக்குவீங்களா? இதையும் திருப்பி விட்டுருவீங்களா?"

கப்பல்காரர் என்னை உச்சியிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "அளவு பத்தாதுங்க. விட்டுர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு கையை இடுப்புத் துண்டுக்குள் வைத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் என் மனைவி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்குப் போனோம். நான் வழியெல்லாம் ஒரு நன்றியுரை தயாரித்துக்கொண்டிருந்தேன். தொழில்முறை எழுத்தாளன் இல்லையா, மூன்று பத்தி வந்திருந்தது.

"இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்றார் கப்பல்காரர், கட்டிலை விட்டு எழாமல்.

அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சோற்றுப் பானை காலையில் கவிழ்த்தபடி இருந்தது. என் மனைவி அதைப் பார்த்தாள்; அவர் வலது கையைச் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தாள். "காட்டுங்ணா" என்றாள்.

"ஒண்ணுமில்ல அம்மிணி."

அவளே பிரித்தாள். உள்ளங்கையில் குறுக்காக மூன்று இடத்தில் நூல் அறுத்திருந்தது. ஆழமாக. பாதி வழியில் ரீல் இறுகிப்போயிருக்கிறது. நூலை வெளியே விடாது, உள்ளே வாங்கத்தான் செய்யும். விடாவிட்டால் நூல் அறும். அதனால் அவர் காற்று வந்தபோதெல்லாம் ரீலைத் திறந்துவிட்டு, நூலை வெறுங்கையில் பிடித்து அளந்து அளந்து விட்டிருக்கிறார். எங்களுக்கு முதுகைக் காட்டியது அப்போதுதான்.

"காலையில இருந்து சாப்பிடலீங்களாண்ணா?"

"இடக்கையில எப்படி அம்மிணி, மனுசங்க முன்னால..." என்றார். கூச்சத்தில் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இன்னைக்கு ரெண்டும் சோத்துக்கைதானுங்ணா" என்றாள் அவள். வட்டிலில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, எலும்பு பார்த்து எடுத்துவிட்டு, உருண்டை பிடித்து அவர் இடது கையில் வைத்தாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எனக்கு ஒரு நாளும் கிடைக்காத மரியாதை அது. எனக்குக் கொஞ்சம்கூடப் பொறாமை வரவில்லை. மூன்று பத்தி நன்றியுரையில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் வயிறாரச் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.